ஆரு தந்த?

மருதமுனையில் நான் வேலைக்கு நின்ற சாயக்கொட்டிலின் முதலாளி, எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உடனே கை நீட்டமாட்டார். பிளேன்டீ, வெற்றிலை, பள்ளிவாசல் கந்தூரிச் சோறு, எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி வரும்.

“ஆரு தந்த?”

ஆளைச் சொன்னால் போதாது. எங்கே நின்று தந்தார், தரும்போது முகத்தைப் பார்த்தாரா, அதே பாத்திரத்திலிருந்து வேறு யாருக்கும் கொடுத்தாரா என்பதெல்லாம் சொல்லவேண்டும். பிறகு, “நீ கொஞ்சம் குடி” என்பார். நான் ஒரு மிடறு குடித்துவிட்டு நிற்பேன். அவர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டபிறகு கோப்பையை வாங்கி, முகர்ந்து, நாக்கு நுனியால் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். அதற்குள் தேத்தண்ணீர் ஆறிப்போய்விடும். அவருக்கு அது தோதுதான். சூடானது எதுவும் அந்தத் தொண்டையால் போகாது.

நான் ஓரிடத்தில் கால் ஊன்றி நின்ற ஆள் இல்லை. தம்பிலுவிலில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அக்கரைப்பற்றில் நெல் ஆலையில் மூட்டை தூக்கினேன், கரைவலை இழுத்தேன், பஸ்ஸில் டிக்கட் கிழித்தேன். எழுபதுகளின் கடைசியில் மருதமுனைக்கு வந்து சேர்ந்தேன். இவரிடமும் ஒரேயடியாக நின்றதில்லை. வெட்டுக்காலம் வந்தால் வயலுக்குப் போய்விடுவேன். ஆனால் திரும்பி வந்தது இவரிடம் மட்டும்தான். இவர் என்னை நம்பினார் என்று சொல்லமுடியாது. மற்றவர்களைச் சந்தேகப்பட்ட அளவுக்கு என்னைச் சந்தேகப்படவில்லை, அவ்வளவுதான். என்னைப்போல் ஊர் ஊராகத் திரிகிறவனுக்கு அதுவே பெரிய காரியம்.

அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எங்கள் கரையில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில் போய்த்தான் குடியிருப்பான். வீடு பெண்ணுக்குச் சீதனம். முதலாளி படுத்தெழும்பியது மனைவியின் வீட்டில், சாயம் காய்ச்சியது மனைவியின் வளவில். சுற்றிவர மனைவியின் ஆட்கள். “இஞ்ச எனக்கெண்டு இரிக்கிறது நான் உடுத்திருக்கிற சாரன் மட்டும்தான்” என்பார். “நீ ஒருத்தன்தான் தம்பி இந்த வளவில ஒண்டுக்கும் உரிமையில்லாதவன்.” அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

அவருடைய சந்தேகமெல்லாம் போய் நின்ற இடம் மச்சான். மனைவியின் தம்பி. உழவு மெஷின் வைத்திருந்த மனிதர். சத்தம் போட்டுச் சிரிப்பார், சத்தம் போட்டே சண்டையும் பிடிப்பார். அவருக்கு ஒரு தங்கச்சி கலியாணத்துக்கு இருந்தாள். வீடு கட்டிக் கொடுக்காமல் அவளைக் கரைசேர்க்க முடியாது. வீடு கட்ட இருந்த ஒரே நிலம், சாயக்கொட்டில் நின்ற நிலம்.

ஒரு நோன்பு மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

நூலில் நிறம் நிற்க வேண்டுமென்றால் சாயத்தைக் கோஸ்டிக் சோடாவில் கரைக்கவேண்டும். வெள்ளைக் கட்டியாகத் தகரத்தில் வரும். தண்ணீரில் போட்டால் தானே கொதிக்கும். ஆறினால் கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிந்து நிற்கும். மணமும் இல்லை. அதன் காரத்தை அளக்க முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. விரலைத் தோய்த்து நாக்கு நுனியில் ஒற்றி உடனே துப்பிவிடுவார். “இன்னும் கொஞ்சம் போடு” அல்லது “போதும்” என்பார். அவர் போட்ட நிறம் எந்தக் கழுவலிலும் போனதில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் நாக்குக்கு வேலை இல்லை. விரல்களுக்கிடையில் தேய்த்து வழுக்கலைப் பார்ப்பதோடு சரி.

கொட்டிலில் நோன்பு பிடிக்காதவன் நான் ஒருவன்தான். எனக்கென்று ஒரு நீல எனாமல் பேணியில் தண்ணீர் இருக்கும். பிடிக்கிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று சாய அண்டாவுக்குப் பின்னால் உள்ள சுவர்க்கட்டின்மேல் வைத்துக்கொள்வேன். கோஸ்டிக் கரைசல் அளக்கிற பேணியும் அதே நீலம்தான். அதன் இடம் அடுப்புக்கு மற்றப்பக்கம்.

அன்று பின்னேரம் மச்சான் வந்து கொட்டில் நிலத்தைப் பற்றிக் கதைத்தார். கதை முற்றிச் சண்டையானது. மச்சான் போனபிறகு முதலாளி கோபத்தில் அண்டாவைக் கலக்கத் தொடங்கினார். நான் அலசவேண்டிய நூலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கலக்கிய சாயத்தைப் பாதியில் விட்டுப் போக முடியாது, கெட்டுவிடும். ஆகவே பாங்கு சொன்னபோது அவர் வீட்டுக்குப் போகாமல் கொட்டிலிலேயே நோன்பு திறந்திருக்கிறார். ஒரு பேரீச்சம்பழம். அதன்மேல், என் தண்ணீர் இருக்கும் சுவர்க்கட்டின் பக்கம் கையைவிட்டு, அகப்பட்ட பேணியை எடுத்து ஒரே மடக்காக.

பகல் முழுக்கத் தண்ணீர் காணாத தொண்டை, விழுங்கியபிறகுதான் அறியும்.

பேணி விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக வழிந்தது. வளவு ஆட்கள் கூடிவிட்டார்கள். தேங்காய்ப்பால் பருக்கு என்றார் ஒருவர். உப்புத் தண்ணீர் குடுத்துச் சத்தியெடுக்க வை என்றார் இன்னொருவர். ஒருத்தர் வாய்க்குள் விரலை விட்டார். முதலாளி அந்த விரலைக் கடித்தார். கடித்துவிட்டுப் பல்லை இறுக்கிக்கொண்டு, கூடிநின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் கையாலும் ஒன்றும் வாங்கமாட்டார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லகாலம், சத்தியெடுக்க வைக்கேல்ல. உள்ளுக்குப் போகேக்க ஒருக்கா எரிச்சது. திரும்பி வரேக்க இன்னொருக்கா எரிச்சிருக்கும்.”

ஆக, முதலாளியின் சந்தேகம் முதல் நாளே அவரைக் காப்பாற்றியது. இதை நான் மறைக்கவில்லை.

வாயால் ஒன்றும் கொடுக்க முடியாது. வயிற்றில் ஒரு துளை போட்டு அதில் ரப்பர்க் குழாய் ஒன்று வைத்தார்கள். அதன் வாயில் புனலை வைத்து வடித்த கஞ்சியை ஊற்றவேண்டும். மனைவியை ஊற்றவிடமாட்டார். நான்தான். கஞ்சியை முதலில் மூக்கடியில் காட்டவேண்டும். பிறகு நான் ஒரு வாய் குடிக்கவேண்டும். தன் நாக்கில் படாமல் நேரே வயிற்றுக்குப் போகிற கஞ்சிக்கு இவ்வளவு சோதனை. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தால், அவரையும் ஒரு பார்வை பார்ப்பார்.

குரல் திரும்பி வந்தபோது அது வேறு குரலாக இருந்தது. தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல. அந்தக் குரலில் முதலில் கேட்டது இதைத்தான்.

“ஆரு தந்த?”

“ஒருத்தரும் தரல்ல முதலாளி. நீங்கதான் எடுத்துக் குடிச்சீங்க.”

“அந்தப் பேணி அங்க எப்பிடி வந்த?”

எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. மச்சானோடு சண்டை பிடித்த கோபத்தில், கரைசலை அளந்த பேணியை அவரே இடம்மாற்றி வைத்திருப்பார் என்பதுதான் என் எண்ணம். ராத்தாவும் அதையே நினைத்தார். முதலாளியின் மனைவியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி மதிலோரம் குந்தியிருந்து ஒருநாள் சொன்னார்: “எல்லாரையும் சந்தேகப்படுறார் தம்பி. எண்ட தம்பியில, என்னில, புள்ளைகள்ல. அவர்ர கையில மட்டும் ஒரு நாளைக்காவது சந்தேகம் வரட்டுமே.” வரவில்லை.

கொஞ்ச நாளில் அவருக்கு நன்றாகிவிட்டது போலிருந்தது. பால் இறங்கியது, குழைந்த சோறு இறங்கியது. மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவர் மட்டும் டொக்டரைக் கூர்ந்து பார்த்து, “ஏன் இவ்வளவு சுகமா இரிக்கி?” என்று கேட்டார்.

டொக்டர் தன் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். “இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான், ஐயா. இது ஏமாத்துற சுகம். வெந்த இடம் இப்பதான் ஆறுது. ஆறேக்க தழும்பு சுருங்கும். சுருங்கினா வழி அடைபடும். சுகமாப்போச்செண்டு வீட்ட இருக்கிற ஆக்கள்தான் தண்ணியும் இறங்காமல் திரும்பி வருகினம். வழியைக் குச்சி விட்டு விரிச்சுக்கொண்டே இருக்கவேணும். காலம் முழுக்க. விளங்குதோ?”

முதலாளிக்கு நன்றாக விளங்கியது. சுகத்தை நம்பாதே என்று சொன்ன ஒரே மனிதர் என்பதால், அந்த டொக்டரை மட்டும் அவர் கொஞ்சம் நம்பினார்.

அதன்பிறகு மாதம் தவறாமல் மட்டக்களப்புக்குப் போனோம். டொக்டர் அறைக்கு வெளியே ஒரு நீள மரவாங்கு. தொண்டை கெட்டவர்களெல்லாம் அதில் இருப்பார்கள். முதலாளி போய் உட்கார்ந்தால் அது பொலிஸ் விசாரணைதான். பாண்டிருப்புப் பிள்ளை ஒருத்தி, றப்பர் உறையவைக்கிற அசிட்டைக் குடித்தவள், தெரியாமல் குடித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பொய்” என்றார். அவள் கோபிக்கவில்லை. “ஓம் காக்கா, பொய்தான்” என்று அண்ணன்முறை சொல்லி ஒத்துக்கொண்டாள். இருவருக்கும் அதிலிருந்து ஒரு சிநேகம். ஒருநாள் ரொட்டி தின்றேன் என்று சிரித்துக்கொண்டு வந்தாள். “நம்பாத புள்ள. சுகமெண்டு வராம இரிந்திராத” என்றார். அவள் வராமல் இருந்துவிட்டாள். திரும்பி வந்தபோது எச்சிலையும் விழுங்க முடியாமல் சீலைத்துண்டில் துப்பிக்கொண்டிருந்தாள். மிக மெல்லிய குச்சியிலிருந்து மறுபடி தொடங்கவேண்டியதாயிற்று. இவர் தன் இடத்தை விட்டு நகர்ந்து, அவளுக்குச் சாய்ந்திருக்கச் சுவரோரம் கொடுத்தார். அவர் ஒருவருக்கு இடம் கொடுத்ததை நான் கண்டது அன்றுதான்.

இன்னொரு நாள் சாய்ந்தமருதுப் பக்கத்து மீன்காரர் ஒருவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மீன் முள் சிக்கியிருக்கிறது. முள் சிக்கினால் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்வது எங்கள் கரை வழக்கம். அவர் உருண்டை உருண்டையாக விழுங்கியிருக்கிறார். கழுத்து வீங்கி, தோலை அமத்தினால் உள்ளே உப்புக்கல் நெரிவதுபோல் இருந்தது.

“ஆரு உருட்டித் தந்த?” என்று முதலாளி கேட்டார்.

“பொஞ்சாதி” என்று கூடவந்தவர் சொன்னார்.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்கிற பார்வை.

அடுத்த மாதம் முதலாளி அறைக்குள் அந்த மனிதரைப் பற்றிக் கேட்டிருக்கிறார், இது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. டொக்டர் தலையை ஆட்டியிருக்கிறார். “பிந்திப் போச்சு. முள்ளுக் குத்தின இடம் சோத்து உருண்டையால கிழிஞ்சு போச்சு. அதுக்குப்பிறகு குடிச்ச தண்ணியெல்லாம் நெஞ்சுக்குள்ள போயிட்டுது.” பிறகு முதலாளியிடம் விரலை நீட்டிச் சொல்லியிருக்கிறார்: “உங்களுக்கும் சொல்லுறன். குச்சி விட்டபிறகு முதுகில குத்தினாலோ கழுத்து வீங்கினாலோ, ஒரு சொட்டுத் தண்ணியும் வாயில வைக்கக்கூடாது. எச்சிலையும் துப்பவேணும். நேரே இஞ்ச வரவேணும்.”

அன்று எங்களைக் கொண்டுவந்து விட்டவர் மச்சான். முதலாளி அவரை அறைக்குள் வர விடமாட்டார். என்னையும் வாசலோடு நிறுத்திவிடுவார், டொக்டர் சொல்கிற மருந்து விபரம் மற்றவர் காதில் விழக்கூடாதென்று. நான் வாங்கிலிருந்த பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அறையில் நடந்ததை முதலாளி பிறகு தனக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் எனக்குச் சொன்னார், தண்ணீர் விஷயத்தைச் சொல்லவில்லை. மச்சான் கதவுச்சீலைக்கு வெளியே நின்றார் என்பதை அன்று நான் பெரிதாக எடுக்கவில்லை.

டொக்டர் அவருக்குக் குச்சியைத் தானே விடப் பழக்கினார். வேறொருவர் கையை விட அதுதான் அவருக்கும் பிடித்திருந்தது. வளைகிற ரப்பர், செம்மண் நிறம், நுனி மெல்லிசு. இரண்டு கொடுத்திருந்தார், ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது. விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்து, கதிரையில் நிமிர்ந்திருந்து, நாடியை முன்னே தள்ளி, கொதித்தாறிய தண்ணீரில் தோய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவார். கண்ணால் தண்ணீர் ஓடும். உள்ளே போனபிறகு கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கவேண்டும். வாயிலிருந்து ரப்பர் தொங்க, கண் மட்டும் வீட்டைச் சுற்றிவரும். ராத்தா, பிள்ளைகள், படலை, நான், மறுபடி ராத்தா. பிள்ளைகள் அதற்குச் சாரைப்பாம்பு என்று பெயர் வைத்தார்கள். “வாப்பா பாம்பு திங்கிறாரு” என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டு வருவார்கள்.

அடுத்த நோன்பு வந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் லெவ்வை வீட்டுக்கே வந்து சொன்னார். முதலாளி நன்றி சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: “இவரை ஆரு அனுப்பின?”

இப்படியே வருஷங்கள் போயின. அவரைப்போல் எரிந்த தொண்டைக்காரர்களில் இவ்வளவு காலம் வயிற்றுக்குழாய் இல்லாமல் வாயால் தின்றவர்கள் குறைவு என்று டொக்டர் சொன்னார். ஒரு நாளும் தவறவிடவில்லை. ஒரு நாள் சுகமாக இருந்தாலும் அதில் ஏதோ சூது என்று நினைக்கிற ஆள் எப்படித் தவறவிடுவார்? தன் சோற்றைத் தானே சமைத்துக்கொண்டார். மனைவியின் அடுப்பிலிருந்து ஒரு கறியும் தொடவில்லை. ராத்தா தனக்குச் சமைத்ததைத் தின்னாமல் மூடிவைத்துவிட்டு, அவர் தன் சட்டியைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்கமுடியாமல்தான் நான் சிலவேளை வயலுக்குப் போய்விடுவேன்.

எண்பதுகளின் நடுவில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் பகை மூண்டது. முதலாளி குடும்பத்தோடு சாய்ந்தமருதுக்குப் போய் உறவுக்காரர் வீட்டில் இருந்தார். நான் பாண்டிருப்பில் கோயில் மண்டபத்தில் படுத்தேன். வளவைக் காவல்காக்க மச்சான் மட்டும் நின்றார். அவசரத்தில் முதலாளி தடித்த குச்சியை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு போயிருந்தார். ஒரே அறையில் இருபது பேர் படுத்திருந்த வீட்டில் அதை விழுங்க வெட்கப்பட்டு விட்டுவிட்டார். முதல் தடவையாகப் பல நாள் தவறியது.

ஊர் கொஞ்சம் அடங்கியபிறகு எல்லோரும் திரும்பினோம். இடையில் விட்டால் மெல்லியதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் காலை மெல்லியதை வெளியே எடுத்தார். அதைச் சுற்றியிருந்த வெள்ளைத்துணியைப் பார்த்தபடி நின்றார்.

“இந்த முடிச்சு எண்ட முடிச்சில்ல.”

“நான்தான் நேத்து வந்ததும் கழுவிக் கட்டின” என்றார் ராத்தா.

“நீ கட்டினியா, ஒண்ட தம்பி கட்டினானா? இந்த வீட்டுல இவ்வளவு நாளும் தனிய நிண்டவன் ஆரு?”

ராத்தா அழுதார். நான், “டொக்டர் மெல்லிசைத்தானே சொன்னவர், முதலாளி” என்றேன். கேட்கவில்லை. மெல்லியதை அடுப்பில் போட்டார். இடுப்பிலிருந்த தடித்ததை விழுங்கினார். பாதியில் தடுத்தது. அழுத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை. குச்சியை வெளியே எடுத்தபோது நுனியில் இரத்தம். முதுகைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்து உப்பியது. ராத்தா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். உப்புக்கல் நெரிகிற சத்தம்.

மச்சான் உழவு மெஷினை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து நிறுத்தினார். வைக்கோல் போட்டு அதில் முதலாளியைக் கிடத்தினோம். எதிர்க்கச் சக்தியில்லை அவருக்கு. மச்சான் என்னைப் பார்த்தார். “தம்பி, நீங்களும் ஏறுங்க. வழியில ஒங்கட ஆக்கள் மறிச்சா நீங்க கதைங்க. ஆமி மறிச்சா நான் கதைக்கிறன்.”

அப்படியே போனோம். இரண்டு பேரும் கதைக்கவேண்டி வந்தது. வெயில் ஏறியது. முதலாளிக்குக் காய்ச்சல் கொதித்தது. “தண்ணி” என்றார். “தண்ணி தா, தம்பி.” ஒருவரிடமும் கேட்டு வாங்காத மனிதர் தண்ணீர் கேட்டார். ஆமிக்காரர் சோதிக்க மறித்த இடத்தில் பக்கத்து வீட்டில் ஓடிப்போய் இளநீர் ஒன்று வாங்கிவந்தேன். ஆரு தந்த என்று கேட்கவில்லை அவர். வாயைத் திறந்தார். நான் தலையைத் தூக்கிப் பிடித்து இளநீரைச் சரித்தேன்.

மச்சான் ஆசனத்திலிருந்து பாய்ந்து என் கையில் அடித்தார். இளநீர் தெறித்து வைக்கோலில் கொட்டியது.

“குடுக்காதீங்க! ஒரு சொட்டும் குடுக்கப்படாது எண்டு டொக்டர் சொன்ன, நான் சீலைக்குப் பின்னால நிண்டு கேட்ட.”

“மச்சான்” என்றார் முதலாளி. கைகூப்பினார். “மச்சான், கொஞ்சம் தா.”

“ஏலா மச்சான். ஏசுங்க. ஏலா.” மச்சான் அழுதுகொண்டே மெஷினைக் கிளப்பினார். போகும்வழி முழுக்க முதலாளி கேட்டுக்கொண்டே வந்தார். அவர் தரவில்லை. என்னையும் தரவிடவில்லை.

கழுத்தைப் பக்கவாட்டில் கீறிச் சீழ் வடிய விட்டார்கள். மறுபடி வயிற்றுக்குழாய். மறுபடி கஞ்சி, புனல். “வழியில ஏதும் குடிச்சவரோ?” என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றோம். “அப்ப தப்பிடுவார்” என்றார். தப்பினார்.

வீட்டுக்கு வந்து, தொண்டை கொஞ்சம் தேறிய ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார். கொட்டில் கூரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சான் மேலே ஏறி நின்று கிடுகுகளைக் கீழே எறிந்துகொண்டிருந்தார்.

“நிலத்தைக் குடுத்திட்டன்” என்றார் முதலாளி. “அந்தப் புள்ளைக்கு வீடு கட்டட்டும்.”

“நல்லது முதலாளி.”

“அவன் இல்ல தம்பி. இவ்வளவு காலமும் நான் பிழையா நினைச்சிட்டன். கொல்ல நினைச்சவன் எண்டா அண்டைக்கித் தண்ணி தந்திருப்பான். நான் கும்பிட்டுக் கேட்ட. தரல்ல.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தையல்ல, கையை. “நீ தர வந்த.”

“நீங்க கேட்டீங்க முதலாளி. எனக்குத் தெரியாது.”

“முதல்ல அந்தப் பேணி இரிந்த கட்டும் ஒண்ட தண்ணி வைக்கிற கட்டுத்தான்.”

கோபமில்லாமல் சொன்னார். கணக்குச் சரிவந்த மனிதரின் முகம். நான் என்ன சொன்னாலும் அந்த முகம் மாறப்போவதில்லை. கொட்டிலும் இல்லை, வேலையும் இல்லை. என் பையை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டினேன். ராத்தா வாசல்வரை வந்து நின்றார்.

அதன்பிறகு அங்கே போகவில்லை. நாலைந்து ஊர் மாறிவிட்டேன். ஒருநாள் அக்கரைப்பற்றுப் பஸ் நிலையத்தில் மச்சானைக் கண்டேன். அவர்தான் என்னைக் கண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். தங்கச்சிக்குக் கலியாணம் முடிந்துவிட்டது என்றார். முதலாளி எப்படி என்றேன்.

“நல்லா இரிக்கார். குச்சி விடுறதுக்கு இப்ப நான்தான் தலையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற. ராத்தாட கையாலதான் சோறு. ஆணமும் ஊத்திக் குழைச்சிக் குடுக்கிறா. ஒண்டும் கேக்காம வாங்கித் திங்கிறார், தம்பி. எங்கட வீட்டுலயும் திங்கிறார்.”

“என்னைப்பத்தி?”

மச்சான் பஸ் நிலையத்துக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“நீங்கதான் எண்டு முடிவு கட்டிட்டார். ராத்தா சொல்லிப் பாத்தா, நானும் சொல்லிப் பாத்த. பொறகு உட்டுட்டம். அவருக்கு ஒரு ஆள் வேணும் தம்பி. நாங்க அந்த வளவுக்குள்ளயே கிடக்கிற ஆக்கள். நீங்க போன ஆள்.” குரல் தணிந்தது. “கோவிக்காதீங்க. நீங்க வந்து இல்லையெண்டு சத்தியம் பண்ணி, அவரும் அதை நம்பிட்டார் எண்டு வைங்க. மறுகா எங்கட முகத்தைத்தானே பாப்பார்?”

என்னுடைய பஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. நடத்துநர் படியில் தொங்கியபடி பொத்துவில், பொத்துவில் என்று கத்தினார்.

“சோறு இறங்குதா அவருக்கு?”

“இறங்குது.”

“அப்ப சரி” என்றேன்.